பூசணி பியர் ஒப்பீடு: வரிசைக்கு யோசனை சொல்லுங்க

அக்டோபரில் ஆறு பேருக்கு, லேபிளை மறைத்து மூன்று அமெரிக்கப் பூசணி ஏல் (ஒரு பியர் வகை) ருசி பார்க்கத் திட்டம்: டாக்ஃபிஷ் ஹெட் பங்கின் (ஆல்கஹால் 7%), ஷ்லாஃப்லி (8%), சதர்ன் டியர் பம்கிங் (8.6%). ஆளுக்கு 90 மி.லி.; 355 மி.லி. பாட்டில் வகைக்கு இரண்டு. சூடு 10–12 டிகிரி செல்சியஸ். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றினால் பட்டை, ஜாதிக்காய் வாசனை எழும்பாது. கோப்பை விளிம்பில் சர்க்கரை தடவுவது வேண்டவே வேண்டாம்.

சிக்கல் மசாலாவில் சேரும் கிராம்பில்தான். அதிலுள்ள யூஜெனால் என்ற வாசனைப் பொருள் நாக்கை லேசாக மரக்கடிக்கும். மூன்றாவது கோப்பைக்குள் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். நடுவில் வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதுமா, பத்து நிமிட இடைவெளியும் வேண்டுமா? பம்கிங்கின் வெனிலா இனிப்பு மற்றதை அமுக்கும் என்பதால் அது கடைசி.

பூசணிக்கே சுவை குறைவு. மசாலா சேர்க்காத பூசணி பியர் கிடைத்தால் முதலில் வைக்கலாம். தெரிந்தவர்கள் பெயர் சொல்லுங்களேன்.