ரொபஸ்ட் ரிக்ரஷன்: ‘வலுவான’ வேண்டாம், ‘இழுபடா’வும் வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம். தரவில் சில புள்ளிகள் தவறாக இருந்தாலும் எளிதில் கெட்டுப்போகாமல் கோடு பொருத்தும் முறை ரொபஸ்ட் ரிக்ரஷன். ரிக்ரஷனுக்குத் ‘தொடர்புப்போக்கு’ என்று எழுதுகிறோம். ரொபஸ்டுக்கு என்ன தமிழ்ச்சொல் என்பதுதான் கேள்வி. அதற்கு வந்த ஒரு மடல்:

> ரொபஸ்ட் என்றால் வலுவான. ‘வலுவான தொடர்புப்போக்கு’ என்றே வைத்துவிடலாமே?

வைக்கலாம்தான். ஆனால் ‘இந்த இரண்டு மாறிகளுக்கும் வலுவான தொடர்பு’ என்று நாமே ஓயாமல் எழுதுகிறோம். அது ஒட்டுறவுக் கெழு (இரு மாறிகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதன் அளவு) 1-ஐயோ −1-ஐயோ நெருங்குவதைச் சொல்வது, படிப்பவருக்கும் அதுதான் நினைவுக்கு வரும். 1953-இல் ஜார்ஜ் பாக்ஸ் ரொபஸ்ட் என்ற சொல்லைப் புள்ளியியலுக்குள் கொண்டுவந்தபோது சொல்ல வந்தது வேறு: எடுகோள் கொஞ்சம் பிசகினாலும் முடிவு குலையக்கூடாது என்பது. இன்னொருவர் சொன்ன ‘சாயா’வும் ஒத்துவராது. சாய்வு என்பதை ஏற்கெனவே ஸ்லோப்புக்குக் கொடுத்தாயிற்று. சாயாத கோடு என்றால் மாணவர் கிடைக்கோடு வரைந்துவிடுவார்.

போன மடலில் ‘இழுபடா’ என்று எழுதியது நான்தான். ஓரத்தில் கிடக்கும் தவறான புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்புக்குப் போகாதது இழுபடாத் தொடர்புப்போக்கு. ‘அழியாப் புகழ்’ போல ஒற்று மிகுந்து காதுக்கும் நன்றாக இருந்தது. நேற்று நிரலை எழுதி ஓட்டியதும் மனம் மாறிவிட்டது.

நிரல் சின்னது. முதலில் சாதாரண மீச்சிறு வர்க்கக் கோடு, அதாவது எச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும் கோடு. (எச்சம் என்பது தரவில் உள்ள மதிப்புக்கும் கோடு சொல்லும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம்.) எச்சங்களின் எண்மதிப்புகளுக்கு (குறி நீக்கிய மதிப்புகளுக்கு) இடைநிலை எடுத்து 0.6745-ஆல் வகுத்தால் பரவலுக்கு ஓர் அளவு கிடைக்கும். ஒவ்வோர் எச்சத்தின் எண்மதிப்பையும் அந்த அளவால் வகுக்க வேண்டும். விடை 1.345-க்குள் இருந்தால் நிறை, அதாவது கோட்டைத் தீர்மானிப்பதில் அந்தப் புள்ளிக்குத் தரும் பங்கு, 1. தாண்டினால், 1.345-ஐ அந்த விடையால் வகுத்து வருவது நிறை. புது நிறைகளோடு மறுபடி கோடு, மறுபடி எச்சம், கெழுக்கள் நகராமல் நிற்கும்வரை. (நிறைகளை மூலைவிட்ட அணியாகக் கட்டாதீர்கள். ஒரு லட்சம் வரிசைக்கு அது 80 ஜிகாபைட் கேட்கும். ஒவ்வொரு வரிசையையும் நிறையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் போதும்.)

1, 2, 3, 4, 5 என்ற உள்ளீடுகளுக்கு 2, 4, 6, 8, 10. நடுவில் உள்ள 6-ஐ 60 ஆக்கினேன். சாய்வு 2-இலேயே நிற்கிறது, வெட்டுத்துண்டு (உள்ளீடு 0 ஆகும்போது கோட்டின் உயரம்) மட்டும் 0-இலிருந்து 10.8-க்கு ஏறிவிடுகிறது. நிறை திருத்தியதும் 60-க்குப் பாதி நிறைதான், வெட்டுத்துண்டு 5.98. அடுத்த சுற்றில் 3.16. ஆகா, இழுபடாதுதான் என்று நினைத்தேன்.

அப்புறம் அதே தவறைக் கடைசிப் புள்ளியில் செய்தேன், 10-க்குப் பதில் 100. சாய்வு 2-இலிருந்து 20-க்குத் தாவியது. எச்சங்கள் 18, 0, −18, −36, 36. இங்கே பாருங்கள்: தவறான 100-க்கு எச்சம் 36, ஒரு குற்றமும் செய்யாத 8-க்கு −36! இரண்டுக்கும் ஒரே நிறை, 0.997. முதல் சுற்று ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. உள்ளீட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் புள்ளி கோட்டைத் தன்னருகே இழுத்து வைத்துக்கொண்டு, தன் எச்சத்தையும் சின்னதாகக் காட்டிவிடுகிறது.

இதற்குப் பிறகு ‘இழுபடா’ என்று எப்படி எழுதுவது? நிரலில் நான் வைத்த நிறை, புள்ளியியலாளர் பீட்டர் ஹூபரின் 1964 கட்டுரையிலிருந்து வருவது. எல்லையைத் தாண்டிய பிறகு நிறையையும் எச்சத்தையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண்தான். புள்ளி செங்குத்தாக எவ்வளவு விலகினாலும் அந்த எச்சத்தின் இழுப்பு அதற்கு மேல் ஏறாது, பூஜ்யமும் ஆகாது. புள்ளியியலாளர் டூக்கியின் இருவர்க்க நிறை என்ற இன்னொரு வாய்பாடுதான், எச்சத்தை அளவால் வகுத்த விடை 4.685-ஐத் தாண்டினால் கையையே விட்டுவிடும். ஆக, இது இழுப்பை மறுப்பதல்ல, ஓரளவுக்குத் தாங்குவது. வறட்சி தாங்கும் பயிர், வெப்பம் தாங்கும் செங்கல் என்று சொல்கிறோமே, அந்தத் ‘தாங்கு’. தாங்கும் என்றால் எல்லை உண்டு என்பதும் கூடவே வந்துவிடுகிறது. என் முன்மொழிவு: தாங்கு தொடர்புப்போக்கு, தாங்குதன்மை. சுற்றிச் சுற்றி நிறை மாற்றுவதற்கு ‘நிறைதிருத்து முறை’ போதும். ‘மீள்மறுசெய்கை நிறையிடல்’ வாயில் நுழையவில்லை.

*

மறுமொழி:

‘தாங்கு’ எனக்கும் சரி. ஆனால் தனியாக நின்றால் எதைத் தாங்குகிறது என்ற கேள்வி வருகிறது. ‘பிழைதாங்கு’ கூடாது, அதை வன்பொருள்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘விலகல்தாங்கு தொடர்புப்போக்கு’ என்று முதல்முறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு ‘தாங்கு’ என்று சுருக்கலாம். ‘நிறைதிருத்து’ அருமை, செயற்கூறின் பெயராகவும் அப்படியே வைக்கலாம்.

நிரலில் ஒன்று. உங்கள் 60 எடுத்துக்காட்டில் மற்ற நான்கு புள்ளிகளும் ஒரே கோட்டில் கிடப்பதால், பரவல் அளவு சுற்றுக்குச் சுற்று ஏறத்தாழப் பாதியாகிக்கொண்டே போகும். சுற்றை நிறுத்தாமல் விட்டால் ஒரு கட்டத்தில் பூஜ்யத்தால் வகுப்பீர்கள். அளவுக்கு ஒரு கீழ்வரம்பு வைத்துவிட்டு அனுப்புங்கள்.