மிட்ச் வேஷம்: 6ஆம் காட்சியில சிரிப்பு, 9ஆம் காட்சி எடுபடல

வியாசை மேடை:
தோழர்களே, டென்னசி வில்லியம்ஸோட 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தைத் தமிழ்ல பண்றோம். அதுல மிட்ச், நாயகி பிளான்சைக் கல்யாணம் பண்ணிக்க நினைக்கறவன்; அவ பழைய வாழ்க்கை தெரிஞ்சதும் 9ஆம் காட்சியில கோபமா வர்றான். வியாசர்பாடியில சமுதாயக் கூடம், ஃபேன் சத்தம் அதிகம், மைக் கிடையாது. மிட்ச் தன் எடையைச் சொல்ற இடத்துல எல்லாரும் சிரிச்சிடறாங்க. 9ஆம் காட்சியில அவன் கோபம் திடீர்னு வர்ற மாதிரி இருக்கு. பிளான்ச் தன் வயசு தெரியாம இருக்க பல்பு மேல மாட்டவெச்ச பேப்பர் லாந்தரை அவன் அங்க கிழிக்கணும், அதுவும் கிழியாம முழுசா கழண்டு கையோட வந்துடுது.

ஒத்திகைக்காரன்:
207 பவுண்டுங்கறதை 94 கிலோன்னே சொல்லுங்க. பெருமையா சொல்லிக்க அவன்கிட்ட இருக்கறது அந்த உடம்பு ஒண்ணுதான். பிளான்ச்சுக்குப் பிடிக்கும்னு நம்பிச் சொல்லணும். ஜோக்கா சொன்னா அதோட அவன் கோமாளி.

கோட்டைக் கழட்டத் தயங்கறது வியர்வைக்கு வெக்கப்பட்டு. வெளிர்நீலச் சட்டை போடுங்க, ஈரம் பின்வரிசை வரைக்கும் தெரியும். நம்ம ஊர் புழுக்கத்துக்குத் தண்ணி தெளிக்கவே வேணாம்.

கோபத்துக்கு விதையும் அதே காட்சியிலதான். அம்மா இன்னும் சில மாசம்தான் இருப்பாங்க, அதுக்குள்ள இவனுக்கு ஒரு துணை அமையணும்னு அவங்களுக்கு ஆசை. அந்தப் பேச்சை ஓட்டிடாதீங்க. 9ல பிளான்ச்கிட்ட, எங்கம்மா இருக்கற வீட்டுக்குக் கூட்டிப்போற அளவுக்கு நீ சுத்தமில்லங்கறான். முன்னாடி அந்த அம்மா சபை மனசுல பதிஞ்சிருந்தாதான் இது அடிக்கும்.

பெரம்பூர் லைட்டு:
காத்தாடி பேப்பர்ல பண்ணியிருப்பீங்க, அது கிழியற சத்தமே வராது. பட்டர் பேப்பர் எடுங்க, ஃபேன் சத்தத்தை மீறிக் கேக்கும். மேல் கம்பி வளையத்துல மட்டும் ஒட்டுங்க. கீழ் ஓரத்துல அரை அங்குலத்துக்கு ரெண்டு வெட்டு, விரல் அங்கதான் போகணும். முழுசா கழண்டு வர்றது வளையம் ஹோல்டர்ல சும்மா உக்காந்திருக்கறதால. ஹோல்டர்ல ரெண்டு கண்ணி வைங்க, வளையத்துல கொக்கி. 3ஆம் காட்சியில மிட்ச்தானே மாட்டறான், அவன் மாட்டினதை அவனே கிழிக்கறது சபைக்குத் தெரியணும். பல்பு 5 வாட் எல்இடி போதும். குண்டு பல்பு போட்டா சூட்டுல பேப்பர் காஞ்சிடும். ஷோவுக்கு ரெண்டு, ஏன்னா கடைசிக் காட்சியில பிளான்ச்சோட தங்கச்சி புருஷன் ஸ்டான்லியும் லாந்தரைக் கிழிக்கறான்; கூட ஒரு ஸ்பேர்.

முக்கியமா, கிழிக்கும்போது வெளிச்சத்தை ஏத்தாதீங்க. முதல்ல கிழிக்கறான், நடுவுல பேச்சு, அப்புறம்தான் சுவிட்ச் போட்டு அவ முகத்தைப் பாக்கறான். ரெண்டையும் ஒண்ணாக்கினா அந்தப் பாத்திரமே போயிடும்.

வியாசை மேடை:
நன்றி தோழர். நாங்க ரெண்டையும் ஒரே க்யூல (லைட் மாத்தச் சொல்ற குறிப்புல) வெச்சிருந்தோம். கடைசிக் காட்சியில மிட்ச் எப்படி இருக்கணும்?

ஒத்திகைக்காரன்:
சீட்டு மேஜையில முதுகு சபைப் பக்கம். பிளான்ச் குரல் கேட்டும் தலை நிமிரக் கூடாது. ஸ்டான்லி மேல பாஞ்சு விழுந்த பிறகுதான் அழுகை.