நான்காம் வகுப்புக்கு ‘மரபுப் பண்பு’ பொருந்துமா? ‘வழிக்கூறு’ என்ற சொல் குறித்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கீழக்கரை முதல் தொண்டி வரையுள்ள கடலோரப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பயிற்சித்தாள் எழுதுகிறோம். அம்மா அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு எது வந்து சேரும், எது சேராது என்பது பாடம். பாடம் எளிதுதான், சொற்கள்தான் இடிக்கின்றன. மேல்வகுப்புகளில் பழகிய ‘மரபுப் பண்பு’ (பெற்றோரிடமிருந்து வருவது), ‘பெறப்பட்ட பண்பு’ (பின்னால் வந்து சேர்வது) இரண்டையும் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அப்படியே கொடுக்க முடியவில்லை.

‘பண்பு’ என்றால் பிள்ளைக்கு நல்ல நடத்தை. ‘பண்பான பிள்ளை’ என்றுதான் வீட்டிலும் காதில் விழுகிறது. ‘உன் தாத்தாவிடமிருந்து உனக்கு வந்த பண்பு எது?’ என்று கேட்டால், ‘பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பது’ என்று எழுதும். பிள்ளை தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறது, தவறு கேள்வியில். இதில் பெரிய கேடும் ஒன்று உண்டு. நல்ல குணமும் கெட்ட குணமும் பிறப்பிலேயே வருகின்றன, இன்ன வீட்டுப் பிள்ளை இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணத்துக்கு அறிவியல் பாடமே சாட்சி சொன்னதுபோல் ஆகிவிடும். அந்த வயதில் விழுந்தால் எளிதில் போகாது.

‘மரபு’ என்றால் வழக்கம். காது குத்துவது எங்கள் மரபு என்கிறோம். ஆனால் காதுத் துளை மரபுப் பண்பு அல்ல. எந்தப் பிள்ளைக்குத்தான் குழப்பம் வராது?

மூன்றாவதுதான் மோசம். பெறு, பெற்றோர், பெற்ற பிள்ளை எல்லாம் ஒரே வேர். ‘பெறப்பட்ட பண்பு’ என்றதும் பெற்றவர்களிடமிருந்து வந்தது என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும். நாம் சொல்லவருவது அதற்கு நேர் எதிர்.

என் முன்மொழிவு: பெற்றோர் வழியாக வருவதற்கு ‘வழிக்கூறு’. அம்மா வழி, அப்பா வழி என்ற பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. பிறந்தபின் வருவதற்குப் ‘பட்டகூறு’. வெயில் பட்டுக் கறுத்தது, தூண்டில் முள் பட்டுக் கிழிந்தது என்கிறோமே, அந்தப் படு. பட்டு அறிவதைப் பட்டறிவு என்கிறோம். அதற்குத் தங்கைச் சொல்லாக இருக்கட்டும்.

•

டீச்சருக்கு வணக்கம்.

‘பெறப்பட்ட’ குறித்துச் சொன்னது முற்றும் சரி. அந்தச் சொல்லைத் தொடக்க வகுப்பிலிருந்து எடுத்தே ஆகவேண்டும். ‘கூறு’ பற்றித்தான் எனக்குத் தயக்கம்.

கடற்கரையில் கூறு என்றால் மீன். சின்ன மீனைக் குவித்துக் கூறு கட்டி விற்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அதுதான் முதலில் தோன்றும். வைகிறபோது ‘கூறுகெட்டவனே’ என்பார்கள்; அங்கே கூறு என்றால் விவரம், புத்தி. போதாததற்கு ‘உடற்கூறு’ என்றால் உடற்கூறாய்வு, அதாவது பிரேதப் பரிசோதனை. கடலில் ஆளை இழந்த வீடுகள் உள்ள ஊர்களில் அந்தச் சொல் பயிற்சித்தாளில் எங்கும் தலைகாட்டக்கூடாது. விளக்கம் எழுதும்போது ‘உடற்கூறு’ என்று கைதவறியும் எழுதிவிடாதீர்கள்.

‘வழி’யிலும் ஒரு சிக்கல். பேச்சில் ழகரம் ளகரமாகிவிடும். சொல்வதெழுதுதலில் ‘வளிக்கூறு’ என்றோ ‘வலிக்கூறு’ என்றோ வந்தால் பொருளே வேறு.

மாற்றாகச் ‘சாயல்’ போதாதா? ‘அப்படியே அப்பன் சாடை’ என்பது மக்கள் வாயில் இருக்கிறது. ‘பிறவிக்கூறு’, ‘கொடிவழிக்கூறு’ இரண்டையும் எண்ணிப் பார்த்தேன். கொடிவழி வம்சத்தைக் குறிக்கும் நல்ல பழைய சொல், ஆனால் பிள்ளை தொப்புள்கொடியை நினைத்து எல்லாம் அம்மாவிடமிருந்தே வருகிறது என்று முடிவு கட்டிவிடும். பிறவி பற்றி உயிரியல் படித்தவர்கள் சொல்லட்டும்.

இன்னொன்று. மேலே போனால் மரபணு, மரபியல் என்றுதான் படிக்கப் போகிறார்கள். பாதை எங்கே அறுந்துவிடக்கூடாது என்பதையும் பாருங்கள்.

•

ஐயாவுக்கும் டீச்சருக்கும் வணக்கம்.

‘பிறவிக்கூறு’ வேண்டாம். பிறக்கும்போதே இருப்பதெல்லாம் பெற்றோரிடமிருந்து வந்ததல்ல. கர்ப்பத்தில் தாய்க்கு வந்த ருபெல்லா என்ற தொற்றுநோயால் பிள்ளைக்குக் காது கேளாமல் போவது பிறவியிலேயே இருப்பதுதான், வழிவழியாக வருவதல்ல. ‘சாயல்’ முழு முகத்தைக் குறிக்கும். பாடத்துக்கு வேண்டியது தனித்தனியாக எண்ணக்கூடிய ஒன்று. இரத்த வகை வழிவழியாக வருகிறது, அதில் என்ன சாயல்? ஆகவே கூறு என்பதே என் விருப்பம். கூறு என்றால் பிரித்து வைத்தது என்பது மீன் விற்கும் இடத்திலேயே பிள்ளைக்குத் தெரிகிறதே, அது நமக்கு உதவிதான். ஒரே ஒரு எச்சரிக்கை: மீன் கூறு கலந்து கிடக்கும். அம்மாவின் நிறமும் அப்பாவின் நிறமும் சாந்துபோலக் கலந்துவிடும் என்று பிள்ளை எண்ணினால் மரபியலுக்கு அடிகோலிய மெண்டலுக்கு முந்தைய காலத்துக்குப் போய்விடுவோம்.

அதைத் தடுக்கப் புளியங்கொட்டை போதும். இரண்டிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு கொட்டை. ஒன்று அம்மா, ஒன்று அப்பா. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. இரண்டையும் சேர்த்து உருட்டி, எதில் கறுப்பு தெரிந்தாலும் ‘குட்டி கறுப்பு’ என்றும், இரண்டும் வெள்ளையாக விழுந்தால் மட்டும் ‘குட்டி வெள்ளை’ என்றும் எழுத வேண்டும். 40 முறை உருட்டினால் 30க்கு 10 என்ற அளவை ஒட்டி வரும். இரண்டு நிறமும் உள்ளே இருந்து கறுப்பாக மட்டும் தெரிகிற அம்மா அப்பாவுக்கு வெள்ளைக் குட்டி பிறப்பதைப் பிள்ளை தன் கையாலேயே பார்த்துவிடும். வெள்ளை எங்கும் கரைந்து போகவில்லை.

கெட்டுப்போகும் இடம் ஒன்றுண்டு. தாயம் விளையாடத் தேய்ப்பதுபோல் தரையில் அழுத்தித் தேய்த்தால் அந்தப் பக்கம் தட்டையாகி, கொட்டை ஒரே பக்கமாக விழத் தொடங்கும், கணக்கு சாய்ந்துவிடும். மினுமினுப்பு போகும் அளவுக்கு மட்டும் இழைத்து, அதன்மேல் வெள்ளை பெயிண்ட் தொட்டுக் காயவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு கொட்டையையும் 20 முறை உருட்டிப் பார்த்து, கறுப்பு 7க்குக் குறைவாகவோ 13க்கு மேலாகவோ விழுந்தால் அதை எறிந்துவிடுங்கள். ஒரு சோடிக்கு 10 உருட்டல் என்று நிறுத்தினால் 5க்கு 5 கூட வரும், பிள்ளை நம்பிக்கை இழக்கும். வகுப்பு முழுவதன் எண்ணையும் கரும்பலகையில் கூட்ட வேண்டும். 1866இல் மெண்டல் வெளியிட்ட கட்டுரையில் உருண்டைப் பட்டாணி 5,474, சுருங்கியது 1,850. அவருக்கே சரியாக மூன்றுக்கு ஒன்று வரவில்லை, 2.96 தான்.

எடுத்துக்காட்டுகளில் ஒன்றை நீக்கக் கேட்டுக்கொள்கிறேன்: நாக்கை மடிப்பது. இது ஒற்றை மரபணுவால் வருகிறது என்று 1940இல் மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் எழுதினார். 1952இல் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களைப் பார்த்தபோது, ஒருவர் மடிக்க, மற்றவரால் முடியாத சோடிகள் இருந்தன. ஸ்டர்டிவன்ட்டே பின்னர் அதைக் கைவிட்டார். காது மடல் ஒட்டியிருப்பதும் இரண்டே வகையாகப் பிரியாது, பல மரபணுக்களின் வேலை. இவற்றை வைத்து ‘அம்மா அப்பாவைப் பார்த்துவந்து அட்டவணை நிரப்பு’ என்று வீட்டுப்பாடம் கொடுத்தால், பொருந்தாத பிள்ளை அழுதுகொண்டு வரும். தத்தெடுக்கப்பட்ட பிள்ளையும், அப்பாவைப் பார்த்தே இராத பிள்ளையும் அதே வகுப்பில் இருப்பார்கள். மனிதர்களை விட்டுவிட்டு ஆட்டுக்குப் போங்கள். வெள்ளாட்டின் கழுத்துக்குக் கீழே இரண்டாகத் தொங்கும் சதை நல்ல வழிக்கூறு. அது உள்ள தாய்க்கு உள்ள குட்டியும் பிறக்கும், இல்லாததும் பிறக்கும். அதே ஆட்டின் காதில் அடையாளத்துக்கு வெட்டிய வெட்டு பட்டகூறு. மேய்ச்சல் மந்தையில் கிடா எதுவென்று பெரும்பாலும் தெரியாது. அட்டவணையில் ‘தாய்’, ‘குட்டி’ என்ற இரண்டு பத்திகள் மட்டும் போதும்.

•

தம்பி, ஐயா, இருவருக்கும் நன்றி.

கூறு நிற்கட்டும். ‘கூறுகெட்ட’ என்பதற்குப் பிள்ளைகள் ஒருநாள் சிரிப்பார்கள், மறுநாள் பழகிவிடும். ழகரத்துக்கு ஒரு ஏற்பாடு: சொல்லை அறிமுகப்படுத்தும் முன் ‘அம்மா வழி, அப்பா வழி’ என்று கரும்பலகையில் எழுதி, அதிலிருந்தே பிரித்துக் காட்டுவது. முதல் இரண்டு வாரம் சொல்வதெழுதுதலில் சேர்க்காமல் இருப்பது. மேல்வகுப்புக்குப் பாலமாகத் தாளின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியருக்கு மட்டும் ‘வழிக்கூறு: மேல்வகுப்பில் மரபுப் பண்பு’ என ஒரு வரி இருக்கும். வெளியே தெரிகிற கூறுக்கும் மறைந்து நிற்கிற கூறுக்கும் சொல்லும் ‘ஓங்கு’, ‘ஒடுங்கு’ இரண்டும் ஐந்தாம் வகுப்பு வரை வேண்டாம். ஓங்கியது உயர்ந்தது என்று பொருள்பட்டுவிடும்.

பட்டகூறுக்கு முதல் படமாகத் தண்டட்டி அணிந்த பாட்டியை வைக்கிறோம். தோள்வரை தொங்கும் காது. அந்தப் பாட்டியின் அம்மாவுக்கும் அப்படியே, அவருடைய அம்மாவுக்கும் அப்படியே. பக்கத்தில் பேத்தி: பிறந்து பத்து நாள், காதில் துளைகூட இல்லை. ஜெர்மானிய உயிரியலாளர் வைஸ்மன் ஐந்து தலைமுறைச் சுண்டெலிகளுக்கு வாலை வெட்டினார். பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூட வால் குட்டையாகிப் பிறக்கவில்லை. அதைவிட நீண்ட சோதனையை நம் பாட்டிமார் காதிலேயே செய்து முடித்திருக்கிறார்கள். இந்தப் படத்துக்கு விளக்கமே தேவைப்படாது.

செடிக்கு முண்டு மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் ஊர்க் காய். உருண்டை வடிவம் வழிக்கூறு, தண்ணீர் இல்லாமல் சிறுத்துப்போனது பட்டகூறு. பக்கத்தில் நீளமான சம்பா மிளகாய் இருந்தால் தேனீயால் மகரந்தம் கலந்து, அடுத்த விதைப்பில் காய் வடிவம் மாறலாம். விதையைத் தனித்து நின்ற செடியிலிருந்தே எடுக்க வேண்டும்.

தாளில் அச்சாகும் விளக்கம் இது:

வழிக்கூறு: கருவாகும்போதே அம்மா வழியிலும் அப்பா வழியிலும் வந்து சேர்வது.
பட்டகூறு: அதற்குப் பின்னால் நமக்குப் பட்டதாலோ நாம் பழகியதாலோ வந்தது.

ஐயா, சந்தி பாருங்கள். முன்னதில் ‘வழியில் வந்த கூறு’ என்பதால் க் மிகுகிறது. பின்னது பெயரெச்சம், மிகாது என்று கொண்டிருக்கிறேன்.

அட்டை பிரிக்கும் விளையாட்டில் மூன்றாவது பெட்டி ஒன்று வேண்டும். உயரத்துக்கும் தோல் நிறத்துக்கும் பெற்றோரும் காரணம், சாப்பாடும் வெயிலும் காரணம். ‘கலப்புக்கூறு’ என்று எழுதிப் பார்த்தோம். கலப்பு என்பது ஊரில் வேறு காயத்தைக் கிளறும். ‘இருவழிக்கூறு’ என்றால் அம்மா அப்பா இரண்டு வழி என்று ஆகிவிடும். நல்ல சொல் அமையும்வரை அந்தப் பெட்டியின்மேல் ‘இரண்டும்’ என்றே ஒட்டிவைக்கிறோம்.