புதுப்பிப்பு: கோர்தோபாவில் ஒரு வார நாள்

ஸ்பெயினின் கோர்தோபா நகரைச் சுற்றிப் பார்க்க ஒரு வார நாள் போதுமா என்று கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு, தாராளமாகப் போதும். காலை எட்டரைக்கே மெஸ்கித்தாவுக்கு, அதாவது இன்று தேவாலயமாக இருக்கும் பழைய மசூதிக்குப் போகச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அந்த ஒரு மணி நேரம் இலவசம், கூட்டமும் குறைவு.

8-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மசூதி இது. பழைய பகுதித் தூண்களைக் கிட்டே நின்று பாருங்கள்: ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. மேலே வளைவுகளில் செங்கல்லும் வெளிர் கல்லும் மாறி மாறி வருகின்றன. நடுவே 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தேவாலயமும் அழகுதான். ஆனாலும் என் மனம் அந்தத் தூண்களிடம்தான் நின்றது.

அப்புறம் 1315-இல் கட்டிய யூத ஆலயம், ரோமானியப் பாலம். மதியம் சால்மோரேஹோ, அதாவது குளிர்ந்த தக்காளிக் கூழ். மேலே முட்டையும் பன்றி இறைச்சியும் தூவுவார்கள். சைவர்கள் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.