புதுப்பிப்பு: டெஸ்க்டாப் உறைந்து நின்ற பிரச்சினை தீர்ந்தது, காரணம் ரேம்

வீட்டு டெஸ்க்டாப் நேரங்காலம் இல்லாமல் அப்படியே உறைந்துவிடுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். மவுஸ் அம்பு நகராது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஒரே ஒலி 'ர்ர்ர்' என்று இழுத்துக்கொண்டே நிற்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதுதான் ஒரே வழி.

விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் 'கெர்னல்-பவர் 41' என்று பார்த்து, பவர் சப்ளைதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அது தப்பு. கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டும்தான் அந்தப் பதிவு சொல்கிறது. நான் பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதே 41தான் வரும்.

அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரை நிறையப் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். இரண்டு 8 ஜிபி ரேம்களையும் ஒரே ஸ்லாட்டில் தனித்தனியாக வைத்துச் சோதித்தேன். ஒன்று 4 சுற்றும் சுத்தமாக முடிந்தது, மற்றதில் முதல் சுற்றிலேயே பிழை. பிழை வந்த ரேமின் தங்க நிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தேன், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்தும் பார்த்தேன். பிழை போகவில்லை.

சரி, அதைக் கழற்றிவிட்டேன். 19 நாளாக ஒருமுறைகூட உறையவில்லை. பல ரேம்களுக்கு ஆயுட்கால வாரண்டி உண்டு, பழைய பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். என்னுடைய பில் கிடைத்துவிட்டது, கெட்ட ரேமை மாற்று ரேமுக்கு அனுப்பியிருக்கிறேன். ரேமைச் சோதிக்கச் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.