அம்மாவுக்கு கர்ப்பப்பைய எடுக்கச் சொல்லுதாவ, வேற வழியே இல்லையா?

முக்கூடல் பொண்ணு:
எங்கம்மாவுக்கு 44 வயசு, பீடி சுத்துதாவ. ஒரு வருசமா வீட்டுக்கு தூரம்னா பத்து நாளைக்கு நிக்க மாட்டக்கு, கட்டி கட்டியா போவுது, படி ஏறுனா மூச்சு வாங்குது. இவ்வளவையும் யாருட்டயும் சொல்லாம மடியில பீடித்தட்ட வச்சுகிட்டு உக்காந்திருந்துருக்காவ, எனக்கே போன வாரம்தான் தெரியும். ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ஸ்கேன் பாத்துட்டு கர்ப்பப்பைல சின்னதா ஃபைப்ராய்டு, அதான் சதைக்கட்டி, இருக்கு, பிள்ளை பெத்தாச்சுல்லா, எடுத்துருவோம்னுட்டாவ. ரத்தத்துல எச்பி (ஹீமோகுளோபின்) 7.4. பயமா இருக்கு.

பாளை நர்ஸ் அக்கா:
தங்கச்சி, ஆபரேஷன் பேச்சு அப்புறம். 12க்கு கீழ வந்தாலே சோகை, 7.4ங்கிறது ரொம்ப கம்மி, மொதல்ல அதை ஏத்தணும். இரும்பு மாத்திரை குடுத்தா காப்பி டீயோட குடுக்காத, உடம்புல சேராது. தைராய்டு பாத்தாவளா? அது கொறஞ்சாலும் இப்படி போவும். இந்த வயசுல கர்ப்பப்பை உள்சுவர்லருந்து கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணுமான்னும் கேளு, அதுல புற்று இல்லன்னு தெரிஞ்சா நிம்மதி. போக்க கொறைக்க ட்ரானெக்ஸாமிக் மாத்திரை இருக்கு, கர்ப்பப்பைக்குள்ள வைக்குத ஹார்மோன் லூப்பும் இருக்கு, ஒருதடவ வச்சா அஞ்சு வருசத்துக்கு குறையாம வேலை செய்யும். காப்பர்டின்னு நெனச்சுராத, அது போக்க கூட்டத்தான் செய்யும். ஃபைப்ராய்டு எங்க இருக்குன்னு பாத்துதான் எது ஒத்துவரும்னு சொல்ல முடியும். மணிக்கு ஒரு பேடு நனைஞ்சாலோ தலை சுத்தி விழுந்தாலோ அன்னைக்கே கேஷுவால்டிக்கு கொண்டு போயிரு.

ஆலங்குளம் மதினி:
எனக்கு 38 வயசுல எடுத்தாவ. கர்ப்பப்பையோட ரெண்டு ஓவரியையும், அதான் சினைப்பையையும், சேத்து எடுத்துட்டாவன்னு டிஸ்சார்ஜ் சீட்டு பாத்துதான் தெரியும். மறுமாசமே ராத்திரி பூரா வேர்வை, தூக்கமே இல்ல, இப்ப எலும்பு தேய்ஞ்சிருக்குன்னு மாத்திரை தின்னுதேன். எடுத்துதான் ஆகணும்னா எடுக்கட்டும், ஆனா ஓவரிய விட்டுருவியளான்னு கையெழுத்து போடுததுக்கு முன்னாடி கேளுமா. நான் கேக்கல, அந்த வயித்தெரிச்சல் இன்னும் ஆறல.

முக்கூடல் பொண்ணு:
மதினி, படிச்சு அழுதுட்டேன். தைராய்டு பாக்கவே இல்ல அக்கா. ஸ்கேன் ரிப்போர்ட்டோட ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறேன். திங்கக்கிழமை கடைக்கு பீடி குடுக்கணும்ங்காவ, நான் சுத்தித் தாரேன்னு சொல்லிட்டேன், நாளைக்கே கெளம்புதோம்.