உங்க வீட்டு மணி பிளான்ட் யார் வீட்டிலிருந்து வந்துச்சு?

புதூர்க்காரி, மதுரை

2011-ல புதூர்ல மேலும் கீழுமா நாலு போர்ஷன் உள்ள வீட்டுல வாடகைக்கு இருந்தோம். மாடி வீட்டு அக்கா படிக்கட்டுக் கைப்பிடி முழுக்க மணி பிளான்ட் படர விட்டிருந்தாங்க. கேட்டா கண்டிப்பா குடுத்திருப்பாங்க. ஆனா "கேட்டு வாங்கினா தழைக்காது, தெரியாம எடுத்தாத்தான் தழைக்கும்"னு எங்க அம்மா சொல்லி வச்சிருந்தாங்க. ஒரு நாள் மத்தியானம் அவங்க தூங்குற நேரமாப் பார்த்து, ஒரே ஒரு இலையைக் காம்போட கிள்ளிட்டு வந்து ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டேன்.

ரெண்டு மாசம் அந்த இலை பச்சையாவே நின்னுச்சு. அடியில நாலு வேர்கூட விட்டுச்சு. துளிரை மட்டும் காணோம். திருட்டுல ஏதோ குறைன்னு நினைச்சேன். குறை கிள்ளின இடத்துல. இலைக்காம்பு தண்டோட சேருற இடத்துல ஒரு முட்டு இருக்கும், பக்கத்துலயே பழுப்பா ஒரு குட்டி வேர் துருத்திட்டு நிக்கும். அந்தக் கணு இல்லாத வெறும் இலை எத்தனை நாள் தண்ணியில நின்னாலும் கொடியாகாது. ரெண்டாவது திருட்டு கணுவோட ஒரு சாண் கொடி. பத்து நாள்ல வெள்ளை வேர், ஒரு மாசத்துல சுருட்டின புது இலை.

அப்புறம் நாலு வீடு மாறிட்டோம். ஒவ்வொரு தடவையும் பாத்திர மூட்டைக்கு முன்னாடி இதுதான் வண்டியில ஏறும். இப்ப ஹால்ல ஒண்ணு, அடுப்படி ஜன்னல்ல ஒண்ணு, இன்னும் எங்கெங்கேயோ. உங்க வீட்டுக்கு யார் கையால வந்துச்சுன்னு சொல்லுங்க. கடையில காசு குடுத்து வாங்கினவங்களும் சொல்லலாம், மன்னிச்சு விட்டுடுறேன்.

மூணாவது மாடி, சென்னை

எனக்கு வந்தது தானம். ஆபீஸ்ல பக்கத்து சீட் அண்ணன் ரிட்டயர் ஆகும்போது "இதையாவது ஒழுங்கா பார்த்துக்கடா"ன்னு மேஜையில இருந்த ரம் பாட்டிலைக் கையில குடுத்துட்டுப் போனார். உள்ள சரக்கு இல்ல, மணி பிளான்ட்தான்.

டிவி ஸ்டாண்டுல வச்சேன். தண்ணி இறங்கினா ஊத்துவேன், என் பராமரிப்பு அவ்வளவுதான். எட்டு மாசம் ஜம்முன்னு இருந்துச்சு. ஐப்பசி மழையில மேல் மாடிப் பையனுக்கு டெங்கு. ரெண்டே நாள்ல வீடு வீடா சோதிக்க ஆள் வந்தாங்க. கையில டார்ச்சோட ஒரு அக்கா. மொட்டை மாடி டேங்க் மூடி, பழைய பெயின்ட் டப்பா, ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டு எல்லாம் பார்த்துட்டு ஹாலுக்கு வந்து நேரா பாட்டில்ல வெளிச்சம் அடிச்சாங்க. உள்ள இருபது முப்பது கொசுப்புழு நெளியுது. "செடி வளர்க்குறீங்களா, இதை வளர்க்குறீங்களா சார்?"னு கேட்டாங்க. என் பொண்ணு முன்னாடி!

நின்னு விளக்கமாச் சொன்னாங்க, அதுக்கு நன்றி சொல்லணும். டெங்குவைப் பரப்புற ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், தெளிஞ்ச தண்ணிதான் பிடிக்கும். முட்டை பொரிஞ்சு புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்குற கொசுவா வர ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால வாரம் ஒரு தடவை தண்ணியைக் கொட்டி மாத்தியே ஆகணும். நான் செஞ்ச மாதிரி இருக்குற தண்ணி மேலயே ஊத்துறது கணக்குல வராது. இன்னொண்ணு எனக்குச் சுத்தமா தெரியாது: முட்டை தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, உள்சுவர்ல ஒட்டிட்டு இருக்கும். காய்ஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்கா சாகாது. மறுபடி தண்ணி ஏறினா பொரியும். அதனால தேய்ச்சுக் கழுவணும்.

ரம் பாட்டில் கழுத்துல எந்த பிரஷ் நுழையும்? கல் உப்பு போட்டுக் குலுக்கிப் பார்த்தேன், திருப்தி இல்ல. அண்ணன்கிட்ட ஃபோன்ல மன்னிப்புக் கேட்டுட்டு ஊறுகாய் ஜாடிக்கு மாத்திட்டேன். வாய்க்கு நைலான் துணி. ஞாயித்துக்கிழமை எனக்கு முன்னாடி அது குளிக்கும். மண் தொட்டி வச்சிருக்கவங்க சிரிக்காதீங்க, தொட்டிக்கு அடியில இருக்குற தட்டுத் தண்ணியும் இதே கதைதான்.

பேச்சியம்மா பாட்டி வீடு, திருநெல்வேலி

எங்க வீட்டுக்கு மருமக தாய்வீட்டுல இருந்து கொண்டாந்தது. சன்னல்ல தொங்க விட்டிருந்தா, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. பேரனுக்கு அப்ப ஒண்ணேகால் வயசு, கையில கெடச்சது எல்லாம் வாயிக்குத்தான். கொடியப் பிடிச்சு இழுத்து ஒரு இலையக் கடிச்சுட்டான். வீல்னு ஒரு அழுக. உதடு தடிச்சுப் போச்சு, எச்சி ஒழுகுது, பால் குடுத்தா வாங்க மாட்டேங்கான். வாயத் தொடச்சு, தண்ணியால கழுவிவிட்டு டாக்டர்ட்ட தூக்கிட்டு ஓடுனோம். தொண்டை வீங்கலன்னு பாத்துச் சொன்ன பெறவுதான் எனக்கு மூச்சு வந்துச்சு. சாயந்தரத்துக்குள்ள வத்திருச்சு.

அவரு சொன்னாரு, சேம்பு, கருணை, மணி பிளான்ட் எல்லாம் ஒரே குடும்பமாம். கருணை சரியா வேகலன்னா நாக்கு அரிக்கும்லா, அதே சங்கதிதான். இலைக்குள்ள ஊசி ஊசியா கால்சியம் ஆக்சலேட்டு இருக்காம், அது குத்துதாம். கிழங்குன்னா புளி ஊத்தி அவிச்சிருவோம், இலைய யாரு அவிக்கா! நாயி, பூனை கடிச்சாலும் இப்படித்தானாம். செடியத் தூக்கிப் போடல. இப்ப உத்தரத்துக் கொக்கியில தொங்குது, பேரன் நாற்காலி போட்டாலும் எட்டாது.

பழைய வாத்தியார், கோவை

திருட்டு, தானம், சீர் என்று எல்லா வழியும் வந்துவிட்டது. "விதை போட்டு வளர்த்தேன்" என்று ஒருவர்கூடச் சொல்லப் போவதில்லை, கவனித்தீர்களா?

முப்பது ஆண்டுகள் தாவரவியல் நடத்தியும் நான் மணி பிளான்ட் பூவைக் கண்ணால் பார்த்ததில்லை. இதன் சொந்த ஊர் பசிபிக் கடலில், பிரெஞ்சு பாலினேசியாவில் உள்ள மூரேயா தீவு. 1880-இல் பாத்தோஸ் ஆரியஸ் என்று பெயர் வைத்தார்கள். பின்னர் இரண்டு மூன்று பேரினங்களுக்கு மாற்றி, 1964-இல் எபிப்ரெம்னம் ஆரியம் என்று நிலைநிறுத்தினார்கள். பூவே கிடைக்காத செடியை எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்ற திண்டாட்டம்தான் காரணம். வளர்ப்பில் தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானதும் அதே 1964-தான். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காரணத்தைக் கண்டது: பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெலின் என்ற ஹார்மோனைச் செய்யும் மரபணு ஒன்று இதில் சரியாக வேலை செய்வதில்லை. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது பூத்தது.

பூ இல்லை என்றால் விதையும் இல்லை. ஆகவே மதுரைப் படிக்கட்டில் இருந்ததும், சென்னை ரம் பாட்டிலில் இருந்ததும் யாரோ யாரிடமோ வெட்டி வாங்கிய துண்டின் துண்டுதான். அந்தத் "தெரியாமல் எடுக்க வேண்டும்" நம்பிக்கையை நான் கேலி செய்வதில்லை. பூக்க மறந்த ஒரு செடியை ஊர் ஊராகக் கொண்டுபோக இதைவிடக் கெட்டிக்கார ஏற்பாடு கிடையாது.

மழைக்காடு, கண்டி

வாத்தியார் ஐயா, இங்க வந்து பாருங்கோ, ஆள் வைக்காமலே அது என்ன செய்யுதெண்டு. எனக்குச் சொந்த இடம் யாழ்ப்பாணம். அங்க அம்மா போத்தலுக்குள்ள வச்சிருந்த மணி பிளான்ட் இலை வெற்றிலையளவுதான். கண்டிக்கு வேலைக்கு வந்து உடவத்தகெலே காட்டுக்குள்ள நடக்கப் போன முதல் நாள், மரமொண்டில முறம் மாதிரி இலையோட ஒரு கொடி ஏறி நிக்குது. இலை வேற கீறிக் கீறிக் கிடக்குது. இது என்னெண்டு கூட வந்தவரிட்டக் கேட்டன். "உங்கட அம்மாவின்ர போத்தல் செடிதான்" எண்டார். நான் நம்பேல்லை.

கீழ தொங்க விட்டால் அது குழந்தை இலையிலயே நிண்டிடும். பிடிச்சு ஏற ஒரு மரமும் மேல போகப் போக வெளிச்சமும் கிடைச்சாத்தான் இலை பருக்கும். வீட்டுக்குள்ள அந்தளவு வராது, ஆனா தென்னந்தும்பு சுத்தின தடியொண்டு நட்டு, தடியை நனைச்சு வச்சால் ஒரு வருசத்தில வித்தியாசம் தெரியும். நான் செய்து பார்த்தன்.

ஒண்டு மட்டும் கேட்கிறன். வெட்டின கொடியைக் காட்டுப் பக்கமோ ஆத்தங்கரையிலயோ வீசாதேங்கோ. இங்க நிலத்தையும் மூடி, மரத்தையும் மூடி, நாட்டுச் செடிகளை வரவிடாமல் நிக்குது.

கொடிக்கால், திருச்சி

எங்க வீட்ல பாத்ரூம்ல வச்சிருக்கோம், சூப்பரா வருது. இது காத்தைச் சுத்தம் பண்ணுமாமே, நாசாவே சொல்லியிருக்காமே? உண்மையா?

பழைய வாத்தியார், கோவை

1989-இல் நாசா செய்த சோதனை, மூடிய சிறு பெட்டிக்குள். வீடு அப்படி மூடிக் கிடப்பதில்லை. 2019-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், சாதாரணமாக வீட்டுக்குள் வந்து போகும் காற்று செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் தரையில் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும் என்றார்கள். அத்தனை வைத்தால் நீங்கள் குளிக்க இடமிருக்காது, தம்பி. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நர்சரி தம்பி, சேலம்

ஏழு வருஷமா நர்சரியில இருக்கேன். வாடிப்போச்சுன்னு திருப்பிக் கொண்டுவர மணி பிளான்ட்ல பத்துக்கு ஒம்பது தண்ணி அதிகமாகி அழுகினது. "தினமும் ஊத்தினேனே"ன்னு அழாத குறையாச் சொல்வாங்க. தொட்டியைக் கவுத்தா வேர் எல்லாம் பழுப்பா கூழா இருக்கும். விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுல விட்டுப் பாருங்க, ஈரம் ஒட்டினா அன்னிக்கு லீவு. வெறும் களிமண் வேண்டாம். செம்மண்ணோட மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்துக்கோங்க, அடியில ஓட்டை கட்டாயம்.

பாட்டில்ல இருந்து மண்ணுக்கு மாத்துறவங்க ஒண்ணு கவனிங்க. தண்ணியில வந்த வேர் வேற மாதிரி, மண்ணு பழக நாளாகும். மொத ரெண்டு வாரம் மண்ணு காயாம பார்த்துக்கணும், ஒண்ணு ரெண்டு இலை மஞ்சளானா பயந்து பிடுங்கிடாதீங்க. அப்புறம், வெள்ளை வரி போட்ட இலை வாங்கிட்டுப் போய் இருட்டு மூலையில வச்சுட்டு "பச்சையாயிடுச்சு, ஏமாத்திட்டே"ன்னு சண்டைக்கு வராங்க. வெளிச்சம் பத்தலன்னா வரி மங்கும்ங்க. அதுக்குன்னு நேர் வெயில்ல வச்சா தீஞ்சிடும். இதெல்லாம் சொன்னா எங்க முதலாளிக்குப் பிடிக்காது, செத்தாத்தான திரும்ப வாங்குவாங்க.

பனிக்காலம், ஸ்கார்பரோ, கனடா

கண்டி அக்கா சொன்னது மாதிரி முறமில்லை, இங்க எனக்கு வெற்றிலையே பெரிசு. முதல் வருசம் ஜன்னல் கண்ணாடியோட ஒட்டி வச்சன். ஜனவரியில ஒரு இரவு, கண்ணாடியில பட்ட இலை எல்லாம் கறுத்துப் போச்சுது. இப்ப கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஹீட்டர் காத்து அடிக்காத பக்கம். குளிர் முடியுமட்டும் மூண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் தண்ணி. தந்தது கீழ் வீட்டு பிலிப்பினோ அம்மா. கேட்டுத்தான் வாங்கினன், தழைக்குது.

புதூர்க்காரி, மதுரை

ஸ்கார்பரோ தங்கச்சி, எங்க அம்மா காதுல விழாம சொல்லுங்க!

சென்னைத் தம்பி எழுதினதைப் பாதி படிக்கும்போதே எந்திரிச்சுப் போயிட்டேன். ஹால் பாட்டில் சுத்தம். அடுப்படிப் பாட்டில் சுத்தம். அப்புறம்தான் பீரோ மேல ஒண்ணு வச்சது ஞாபகம் வந்துச்சு, தீபாவளிக்கு முன்னாடி. ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். மூணு புழு. அந்தத் தண்ணியை வாசல் சிமெண்டுத் தரையில வெயில்ல கொட்டிட்டேன். பாட்டிலைத் தேய்ச்சுக் கவுத்து வச்சிருக்கேன், கொடி இப்போதைக்கு டீ டம்ளர்ல நிக்குது.